பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: ஒரு வார விடுமுறைக்கு எந்தத் தலைநகரம்?

உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. பிராக் போகலாமா, வியன்னா போகலாமா, புடாபெஸ்ட் போகலாமா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பல காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூன்று ஊர்களிலும் ஆற்றுப் பாலமும் அரண்மனையும் தேவாலயமும் இருப்பதைக் கண்டு, எதை விடுவது என்று தெரியாமல் நிற்பவர்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று நகரங்களும் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பேரரசுக்குள் இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இசையரங்குகளும் அருங்காட்சியகங்களும் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால், படத்தில் மட்டும் பார்த்தால் எது எந்த ஊர் என்று ஒரு கணம் தடுமாறத்தான் செய்யும்.

நேரில் சென்றால் அந்தத் தடுமாற்றம் முதல் நாளே தீர்ந்துவிடும். பிராக் தன் வரலாற்றைத் தெருவில் வைத்திருக்கிறது. வியன்னா அறைகளுக்குள் வைத்திருக்கிறது. புடாபெஸ்ட் ஆற்றின் இரு கரைகளிலும், நிலத்தடியிலிருந்து ஊறும் வெந்நீரிலும் வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு தேர்வைத் தொடங்கினால், விலையும் நாள்களும் மாதமும் அதன்பின் எளிதாக முடிவாகும்.

## எதை வைத்து அளப்பது?

முதலாவது, நீங்கள் நடந்து பார்ப்பவரா, உட்கார்ந்து பார்ப்பவரா என்பது. தெருத்தெருவாகச் சுற்றி வீட்டு முகப்புகளையும் சிலைகளையும் பார்ப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கும், ஓர் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நிற்பவருக்கும் ஒரே ஊர் பொருந்தாது.

இரண்டாவது, உடன் வருபவர்களின் முழங்கால். இதை நான் வேண்டுமென்றே மேலே வைக்கிறேன். அறுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைத்துச் செல்லும் பலர், விமான டிக்கெட்டின் விலையை ஐந்து இணையதளங்களில் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஊரின் தெருக்கள் எந்தக் கல்லால் பாவப்பட்டவை, மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டாம் நாள் மாலை அம்மா விடுதியிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லும்போதுதான் அது தெரியவருகிறது.

மூன்றாவது, பணம். இதில் அறை வாடகையும் டிக்கெட்டும் எல்லோர் கணக்கிலும் இருக்கும். நாணய மாற்றில் போவது, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் செலவு, வெளிநாட்டவருக்கான தனிக் கட்டணம், உணவக ரசீதில் தானாகச் சேரும் சேவைக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

நான்காவது, மாதம். டிசம்பரில் இந்த மூன்று நகரங்களிலும் மாலை நான்கு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். வெளியே சுற்றிப் பார்க்க வேண்டிய ஊரில் இது பெரிய இழப்பு; உள்ளே உட்கார்ந்து பார்க்கும் ஊரில் அவ்வளவாகத் தெரியாது.

உணவைப் பற்றி ஒரு வரி போதும். சைவ உணவு மூன்று ஊர்களிலும் கிடைக்கும். ஆனால் காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

## பிராக்: தெருவில் நிற்கும் வரலாறு

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்தில் நின்றுகொண்டு மெல்ல ஒரு சுற்றுத் திரும்புங்கள். நகர மண்டபத்தின் கோபுரத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. அதே கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில், காலடியில், நடைபாதைக் கற்களுக்கிடையே 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1621இல் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த 27 பேர் அந்த இடத்தில் கொல்லப்பட்டதன் அடையாளம் அது. சதுக்கத்தில் இருப்பது, 1415இல் எரித்துக் கொல்லப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் சிலை; அவர் இறந்து சரியாக ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1915இல் எழுப்பப்பட்டது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் கின்ஸ்கி மாளிகையின் மாடம். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் அதிகாரத்தைக் கைப்பற்றியதை அக்கட்சியின் தலைவர் கோட்வால்ட் மக்களுக்கு அறிவித்தது அங்கிருந்துதான். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை ஒரு ரூபாய் கட்டணமின்றி, நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிகிற சதுக்கங்கள் ஐரோப்பாவிலேயே மிகச் சில.

சார்லஸ் பாலமும் அப்படித்தான். 1357இல் அடிக்கல் நாட்டிய அந்த 516 மீட்டர் கற்பாலம், 1841 வரை நகரில் விள்டாவா ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலமாக இருந்தது. இரு பக்கமும் வரிசையாக நிற்கும் 30 சிலைகளில் பல இப்போது நகல்கள். மூலச் சிலைகள் மழையிலிருந்தும் புகையிலிருந்தும் காக்கப்படுவதற்காக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பகல் பதினொரு மணிக்குப் பாலத்தில் ஏறினால் முன்னால் போகிறவரின் முதுகு மட்டுமே தெரியும். காலை ஆறு மணிக்கு ஏறினால், ஆற்றுப் பனிக்குள்ளிருந்து சிலைகள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பார்க்கலாம். பிராக் செல்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கோட்டை வளாகம் மேட்டின் மேல் இருக்கிறது. அங்குள்ள புனித வீட்டஸ் பேராலயம் 1344இல் தொடங்கி 1929இல்தான் முழுமையடைந்தது. முற்றங்களில் சுற்றக் கட்டணம் இல்லை. பேராலயத்தின் உள்ளே முழுமையாகச் செல்லச் சீட்டு வேண்டும்.

யூதர் குடியிருப்பான யோசெஃபோவில் உள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் உள்சுவர்கள் முழுவதும், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. ஊர் வாரியாக, குடும்பம் வாரியாக, பிறந்த தேதியோடு தரையிலிருந்து தலைக்கு மேல்வரை எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்குச் சாம்பல் நிறச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது. அருகே சென்றால்தான் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் என்று தெரிகிறது. 1950களில் எழுதிய பெயர்கள் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அழிந்துபோக, 1990களில் அனைத்தையும் மீண்டும் எழுதினார்கள்.

மறைந்த செலவுகளில் முதலிடம் நாணய மாற்றுக்கு. செக் குடியரசு யூரோ வட்டத்தில் இல்லை, கொருனாதான் நாணயம். முதல் பயணத்தில், சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் "கமிஷன் இல்லை" என்று பலகை வைத்திருந்த ஒரு கடையில் நூறு யூரோவை மாற்றினேன். விகிதத்தைப் பலகையில் சரியாகப் பார்க்காததால், கையில் வந்தது வர வேண்டியதில் முக்கால் பங்குகூட இல்லை. அப்படி நேர்ந்தால் ஒரு வழி இருக்கிறது: 2019இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு சென்று பரிவர்த்தனையை ரத்து செய்யும்படி கேட்கலாம். ஏடிஎம் இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இது புடாபெஸ்டுக்கும் பொருந்தும். தாள் பயணச்சீட்டு வாங்கினால், பயணத்தைத் தொடங்கும்போதே இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். சட்டைப்பையில் முத்திரையில்லாத சீட்டு இருந்தால் அபராதம்தான்.

இன்னொரு செலவு உடலுக்கு. பழைய நகரத்தின் நடைபாதைகள் சிறு சதுரக் கற்களால் ஆனவை. சக்கரப் பெட்டி இழுக்க வராது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றாம் நாள் தாங்காது. கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் மேலே சென்று, இறங்கி நடந்து வருவது நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து பாதி வழியில் களைத்துப்போகிறார்கள்.

ஆகவே நடக்கத் தயங்காதவர்கள், நுழைவுச்சீட்டுகளுக்கு அதிகம் செலவிட விரும்பாதவர்கள், ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் செல்ல முடிகிறவர்கள் ஆகியோருக்குப் பிராக் முதல் தேர்வு. ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சந்தைக் கால வார இறுதிகளிலும் நெரிசல் மூச்சை முட்டும்.

## வியன்னா: அறைகளுக்குள் இருக்கும் வரலாறு

பழைமையான தெருக்களை எதிர்பார்த்து வியன்னா செல்பவர்களுக்கு முதல் நாள் சற்று ஏமாற்றமாக இருக்கும். புனித ஸ்டீபன் பேராலயத்தைச் சுற்றியுள்ள சில சந்துகளைத் தவிர, கண்ணில் படும் பெரும் கட்டடங்கள் பலவும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு உட்பட்டவை. நகர மதில்களை இடித்துவிட்டு அகன்ற சாலை அமைக்க 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் ஆணையிட்டார். அப்படி உருவான ரிங்ஸ்ட்ராசே 1865இல் திறக்கப்பட்டது. நாடாளுமன்றம், பல்கலைக்கழகம், நகர மண்டபம், அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்த வளைவுச் சாலையின் ஓரத்தில் அடுத்தடுத்து எழுந்தவை. டிராமில் ஒரு சுற்று வந்தால் வெளிப்புறம் முடிந்துவிடும். ஊரின் உண்மையான செல்வம் கதவுக்கு அப்பால் இருக்கிறது.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் ஓவியங்களுக்கென்று ஓர் அறை உண்டு. உலகில் வேறெங்கும் அவருடைய ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. 1565இல் வரைந்த பனிக்கால வேடர்களின் ஓவியத்தை அச்சில் பலமுறை பார்த்திருந்தேன். நேரில் நின்றபோதுதான், மூன்று வேடர்கள் சேர்ந்து கொண்டுவந்தது ஒரே ஒரு நரி என்பதும், நாய்கள் தலையைத் தொங்கவிட்டு நடப்பதும், அந்தச் சோர்வுக்குக் கீழே பள்ளத்தாக்கில் உறைந்த குளத்தின்மேல் சிறு சிறு மனிதர்கள் சறுக்கி விளையாடுவதும் கண்ணில் பட்டன. அதே அறையில் 1563ஆம் ஆண்டின் பாபேல் கோபுரம் இருக்கிறது. அதன் இடப்பக்க மூலையில், வந்திருக்கும் அரசன் முன் கல்தச்சர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். எதிரே உட்கார இருக்கை இருக்கிறது. இந்த ஓர் அறைக்காகவே வியன்னாவைத் தேர்ந்தெடுப்பவரை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இசை அடுத்தது. 1869இல் திறந்த அரசு இசையரங்கு 1945இல் குண்டுவீச்சில் எரிந்து, 1955 நவம்பரில் பேத்தோவனின் ஃபிடேலியோ இசைநாடகத்தோடு மீண்டும் திறந்தது. அங்கே நல்ல இருக்கைக்கான விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் நின்று பார்ப்பதற்கான சீட்டுகள் அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றே, ஓர் எளிய மதிய உணவின் விலைக்கு விற்கப்படுகின்றன. உள்ளே போனதும் உங்கள் இடத்தின் கம்பியில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டினால் அது உங்கள் இடம்; இடைவேளையில் வெளியே சென்று வந்தாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் அரங்கு விடுமுறையில் இருக்கும். இசைக்காக வருபவர் கோடையில் வந்து ஏமாறக்கூடாது. தெருவில் பொய்முடியும் பழங்கால உடையும் அணிந்து கச்சேரிச் சீட்டு விற்பவர்கள் அரசு அரங்கின் ஆட்கள் அல்லர்.

ஷோன்புருன் அரண்மனையில் 1,441 அறைகள் உண்டு. சுற்றுவழியில் ஏறக்குறைய 40 அறைகள்தான் காட்டப்படுகின்றன. அதன் பெரிய தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை என்பதால், அரண்மனைச் சீட்டை விட்டுவிட்டுத் தோட்டத்திலும் மேட்டிலுள்ள குளோரியெட் மண்டபத்தின் அடியிலும் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது எனக்கு நிறைவாகவே இருந்தது.

வியன்னா செலவுமிக்க ஊர் என்பது உண்மைதான்; ஆனால் எங்கே செலவு, எங்கே மிச்சம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அறை வாடகை மூன்று ஊர்களில் இங்கேதான் அதிகம். அருங்காட்சியகச் சீட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கு நாளில் பெரிய தொகையாகிவிடும். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் சேவைகளில், 16 நிமிடத்தில் வந்துசேரும் விரைவு ரயிலுக்கு நகரப் பயணச்சீட்டு செல்லாது, விலையும் மிக அதிகம். எஸ்7 என்னும் சாதாரண ரயில் சுமார் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் கொண்டுவந்து விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் கடைகள் அநேகமாக மூடியிருக்கும். சமைத்துச் சாப்பிட நினைப்பவர்கள் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

மிச்சமாவது எங்கே என்றால், ஆஸ்திரியக் கூட்டாட்சி அருங்காட்சியகங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். புரூகல் அறை உள்ள அருங்காட்சியகமும், கிளிம்ட் வரைந்த முத்தம் ஓவியம் இருக்கும் பெல்வடேர் மாளிகையும் இதில் அடங்கும். இரண்டு பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இது கணக்கையே மாற்றிவிடும். குடிநீருக்கும் செலவில்லை: 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர் குழாய் வழியே இந்த ஊருக்கு வருகிறது, தெருக் குழாய்களில் நிரப்பிக்கொள்ள ஒரு பாட்டில் போதும். காப்பியகத்தில் மெலாஞ்ஜ் என்னும் பால் காப்பி ஒன்று வாங்கினால், வெள்ளித்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும் சேர்ந்து வரும். அதன்பின் ஒரு மணி நேரமானாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். நடந்து களைத்த முதியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய வரம்.

முதியவர்கள் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன்: சுரங்க ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கியோ சரிவுப் பாதையோ இருக்கிறது, நடைபாதைகள் சமமானவை, எங்கும் உட்கார இடம் கிடைக்கும். பெற்றோரோடும் பிள்ளைகளோடும் செல்பவர்கள், மழை அல்லது பனி மாதத்தில் மட்டுமே விடுப்பு எடுக்க முடிகிறவர்கள், ஓவியத்திலும் இசையிலும் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஊர்.

## புடாபெஸ்ட்: இரண்டு கரைகளின் நகரம்

மேட்டின்மேல் புடா, சமவெளியில் பெஸ்ட், வடக்கே ஓபுடா என்று தனித்தனியாக இருந்த ஊர்கள் 1873இல்தான் ஒன்றாயின. அதற்கு முன்பே 1849இல் திறந்த சங்கிலிப் பாலம் டான்யூப் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்திருந்தது. இந்த நகரைப் பார்ப்பதற்கு ஒரு கரையில் நின்று மறு கரையைப் பார்க்க வேண்டும். மாலையில் புடாவின் மீனவர் கொத்தளத்தில் நின்றால், எதிர்க்கரையில் 268 மீட்டர் நீளமுள்ள நாடாளுமன்றம் விளக்கேறி, அதன் பிம்பம் ஆற்றில் விழுவது தெரியும். அதன் கோபுர உயரம் 96 மீட்டர். மாஜியார் மக்கள் இந்நிலத்துக்கு வந்ததாகக் கொள்ளப்படும் 896ஆம் ஆண்டை நினைவூட்டும் எண் அது. புனித ஸ்டீபன் பசிலிக்காவின் உயரமும் அதே 96 மீட்டர்தான்.

வேறு இரு ஊர்களிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: வெந்நீர்க் குளியல். 1541 முதல் 1686 வரை நீடித்த உதுமானியர் ஆட்சியில் கட்டிய ருடாஸ் குளியலகத்தின் எண்கோணத் தொட்டியும் கல் குவிமாடமும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. குவிமாடத்தின் சிறு துளைகள் வழியே விழும் வெளிச்சம் ஆவியில் கோடுகளாகத் தெரியும். 1913இல் திறந்த செச்செனி குளியலகத்தின் திறந்தவெளித் தொட்டிகளில், வெளியே பனி பெய்யும்போதும் கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி உள்ளூர் முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். புகழ்பெற்ற கெல்லெர்ட் குளியலகம் 2025 அக்டோபரில் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டுவிட்டது. பழைய பயண நூல்களை நம்பித் திட்டமிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் காயங்கள் இந்த ஊரில் மூடி மறைக்கப்படவில்லை. நாடாளுமன்றத்துக்குத் தெற்கே ஆற்றங்கரை விளிம்பில் 60 ஜோடி இரும்புக் காலணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 1944–45 குளிர்காலத்தில், நாஜிகளின் கூட்டாளியான ஹங்கேரிய அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் குழுக்கள் யூதர்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். உடல்களை டான்யூப் கொண்டுபோனது. 2005இல் அமைத்த அந்த நினைவிடத்துக்கு வேலி இல்லை, காவல் இல்லை. வார் அறுந்த ஆண் செருப்பு, குதிகால் உயர்ந்த பெண் காலணி, அவற்றுக்கு நடுவே ஒரு குழந்தையின் சிறு காலணி. அதற்குள் யாரோ ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார்கள்.

போக்குவரத்தில் ஒரு வரலாறு: 1896இல் ஓடத் தொடங்கிய முதலாம் எண் மெட்ரோ, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். ஓடுகள் பதித்த அந்தச் சிறிய நிலையங்கள் அழகானவை. ஆனால் படிக்கட்டுதான் வழி. 2014இல் திறந்த நான்காம் எண் தடத்தில் மின்தூக்கிகள் உண்டு.

மறைந்த செலவுகள் இங்கே பலவிதம். நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும். விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. நேராக நகர மையத்துக்கு வரும் 100ஈ பேருந்துக்குத் தனிச்சீட்டு, சாதாரணச் சீட்டு அதில் செல்லாது. உணவக ரசீதில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் மேலும் அன்பளிப்பு வைத்துவிடுகிறார்கள். குளியலகத்தில் துண்டு, செருப்பு, தனி அறை ஒவ்வொன்றும் தனிக்கட்டணம்; விடுதியிலிருந்து எடுத்துச் சென்றால் மிச்சம். சிறுவர்களுக்கான வயது விதி ஒவ்வொரு குளியலகத்திலும் வேறு என்பதால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நகரின் ஏழாம் வட்டத்தில் மலிவாக அறை கிடைக்கும். இரவு இரண்டு மணிவரை மதுக்கூடங்களின் இரைச்சலும் சேர்ந்து கிடைக்கும்.

இவையெல்லாம் சேர்ந்தாலும், ஒரே தொகைக்கு மூன்று ஊர்களில் அதிக நாள் தங்க முடிவது இங்கேதான். குளிர்காலத்தில் செல்பவர்களுக்கும், அண்மைக்கால வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான ஊர் இந்த மூன்றில் இல்லை. காலை முதல் மாலை வரை அருங்காட்சியகங்களில் கழிக்க விரும்புபவருக்கு வியன்னா அளவுக்கு இங்கே இருக்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிராக் | வியன்னா | புடாபெஸ்ட் |
|---|---|---|---|
| நாணயம் | கொருனா | யூரோ | ஃபோரிண்ட் |
| குறைந்தது எத்தனை முழு நாள் | 3 | 4 | 3 |
| அறை வாடகை | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| நுழைவுச்சீட்டுச் செலவு | குறைவு | அதிகம். 19 வயதுக்கு உட்பட்டோருக்குப் பல இடங்களில் இல்லை | நடுத்தரம் |
| முதியவர்களுக்கு நடை | கடினம் | எளிது | பெஸ்ட் பக்கம் எளிது, புடா மேடு |
| மழை நாளில் | பாதி இழப்பு | இழப்பில்லை | குளியலகம் கைகொடுக்கும் |
| விமான நிலையத்திலிருந்து | பேருந்தும் மெட்ரோவும் | நேரடி ரயில் | பேருந்து |
| ஏற்ற காலம் | ஏப்ரல்–மே, செப்டம்பர்–அக்டோபர் | செப்டம்பர்–ஜூன் | இளவேனில், குளிர்காலம் |

## மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டால்?

சுற்றுலா நிறுவனங்கள் பலவும் விற்பது இதைத்தான், கேட்பவர்கள் பலரும் மனத்தில் வைத்திருப்பதும் இதைத்தான். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் அறையைக் காலி செய்வது, பெட்டிகளோடு நிலையத்துக்குப் போவது, அடுத்த ஊரில் அறை திறக்கும் மூன்று மணிவரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு மாற்றமும் அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். போய்ச்சேரும் நாளும் திரும்பும் நாளும் கழிந்தால், ஏழு நாளில் மிஞ்சுவது ஐந்து. இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு நான்கு. நான்கு நாளை மூன்று ஊர்களுக்குப் பிரித்தால், புரூகல் அறையிலும் பிங்காஸ் சுவர்முன்பும் நிற்க நேரம் இருக்காது. கடிகாரத்தின் முன்னும் பாலத்தின் மேலும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடிந்துவிடும்.

ஒரு வாரம் என்றால் இரண்டு ஊர்கள் போதும், அவற்றில் ஒன்று வியன்னாவாக இருந்தால் பயண நேரம் குறையும். பத்து இரவுகளுக்கு மேல் கிடைத்தால் மூன்றையும் தாராளமாகச் சேர்க்கலாம். அப்போது பிராகில் இறங்கிப் புடாபெஸ்டிலிருந்து விமானம் ஏறும்படி டிக்கெட் எடுங்கள்; போன வழியிலேயே திரும்பிவர வேண்டியதில்லை.

## என் தேர்வு

பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பமாகச் செல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது வியன்னாவில் நான்கு இரவு, புடாபெஸ்டில் மூன்று இரவு. வியன்னாவின் செலவைப் புடாபெஸ்ட் ஓரளவு ஈடுகட்டிவிடும். நடையும் இருவருக்கும் தாங்கும். தனியாகவோ இணையாகவோ, நல்ல கால்களோடு, அக்டோபரில் செல்பவர்கள் வேறெதையும் சேர்க்காமல் பிராகிலேயே ஆறு இரவு தங்கலாம். நடுவில் ஒரு நாள் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குட்னா ஹோராவுக்குச் சென்றுவரலாம். பணம் இறுக்கமாக இருந்து, டிசம்பரிலோ ஜனவரியிலோ மட்டும் போக முடியும் என்றால் புடாபெஸ்ட்.

## விசாவில் கவனிக்க வேண்டியது

மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அது முன்கூட்டியே வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குச் செல்பவர்கள் நேர்காணல் நாள் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் பிப்ரவரியிலேயே தொடங்குவது நல்லது.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதை இரவுகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது: அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதில், சம நாள்களானால் முதலில் நுழையும் நாட்டில். ஆகவே வியன்னா நான்கு, புடாபெஸ்ட் மூன்று என்று முடிவு செய்தவர்கள் ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நாள் கிடைக்கவில்லை என்பதற்காக ஹங்கேரிக்கு விண்ணப்பித்துவிட்டு, அறைப் பதிவுகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள், எல்லையில் அதிகாரி அறைப் பதிவைக் காட்டச் சொல்லும்போது, விண்ணப்பத்தில் எழுதியதும் கையில் இருக்கும் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும்.